தலையில் அடிபட்ட பின் வரும் களைப்பு: வணிகர்கள் அறிய வேண்டியவை



பருப்பு விலை, வரி விவரம், உரிமம் புதுப்பித்தல் என்று எழுதி வந்த நான் இம்முறை உடல்நலம் பற்றி எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. சென்ற செயற்குழுக் கூட்டம் முடிந்ததும் நமது உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "அண்ணாச்சி, என் தம்பி வண்டியிலிருந்து விழுந்து எட்டு மாதம் ஆகிறது. காயம் ஆறிவிட்டது. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனால் பதினொரு மணிக்கெல்லாம் கல்லாவிலேயே தலையைச் சாய்த்து விடுகிறான். இது நோயா, சோம்பேறித்தனமா?" என்று கேட்டார்.

நின்ற இடத்தில் அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் இதே கேள்விக்கு ஒரு காலத்தில் தவறான விடை சொன்னவன் நான். பிறகு அந்தக் களைப்பை நானே அனுபவித்தவனும் ஆனேன். ஆகவே அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவன். எனக்கு மருத்துவம் பார்த்தவர்கள் விளக்கியதையும் நான் பட்டறிந்ததையும் மட்டுமே சொல்கிறேன்.

எனக்கு நேர்ந்தது

2019 ஆகஸ்டு மாதம். விடியற்காலை நாலரை மணிக்கு லாரி செட்டில் சரக்கு இறங்குகிறது என்று மொபெட்டை எடுத்துக் கொண்டு புறப்பட்டேன். "பக்கத்துத் தெருதானே" என்று தலைக்கவசத்தை வீட்டு ஆணியிலேயே விட்டுவிட்டேன். வழியில் நாய் குறுக்கே வந்தது. அதன் பிறகு எனக்கு நினைவு வந்தது ஆஸ்பத்திரியில்தான். மூளையில் சிறிய இரத்தக் கசிவு என்றார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஒன்பது நாள் படுத்திருந்து வீடு திரும்பினேன். ஒரு மாதத்தில் கடைக்கும் வந்துவிட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் "பழையபடி ஆகிவிட்டீர்கள்" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

காலை இரண்டு மணி நேரம் ஓடும். அதன் பிறகு, மின்சாரம் போன வீடு போல ஆகிவிடுவேன். கண் திறந்திருக்கும், எதிரில் நிற்பவர் பேசுவது காதில் விழும், பொருள் மட்டும் ஏறாது. ஒரு நாள் மாலை தரகர் தொலைபேசியில் துவரம் பருப்புக்கு விலை சொன்னார். இருபது மூட்டை என்று சொல்ல நினைத்து இருநூறு என்று சொல்லிவிட்டேன். அவர் திருப்பிக் கேட்டபோதும் "ஆமாம்" என்றேன். சரக்கு வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. மிஞ்சிய 180 மூட்டையையும் மூட்டைக்கு நாற்பது ரூபாய் நட்டத்தில் தள்ளினோம். பணம் போனது பெரிதல்ல. இருபத்தாறு ஆண்டுகளாக எங்களிடம் இருந்த கணக்குப்பிள்ளையை, ஒரு சிட்டை காணவில்லை என்பதற்காக வாடிக்கையாளர் முன்னால் கத்திவிட்டேன். மறுநாள் அவர் வரவில்லை. சிட்டை என் சட்டைப் பையிலேயே இருந்தது. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன்.

இது என்ன களைப்பு?

நமது மூளையின் எடை சுமார் 1,300 முதல் 1,400 கிராம் வரை. உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் நூற்றுக்கு 20 பங்கு மூளைக்கே போகிறது. கடையில் ஒரு சின்ன அறை, மின் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்பது போல.

தலையில் அடி விழும்போது மூளை உள்ளுக்குள் குலுங்குகிறது. ஒரு பகுதியை மற்றொன்றோடு இணைக்கும் மெல்லிய நரம்பு இழைகள் இழுபட்டும் அறுந்தும் போகலாம். அவசரத்தில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் நன்றாகக் காட்டும். இந்த நுண்ணிய இழைகளின் சேதத்தைப் பெரும்பாலும் காட்டாது. ஆகவே "ஸ்கேனில் ஒன்றும் இல்லை" என்பதற்கு "உள்ளே ஒன்றும் ஆகவில்லை" என்று பொருள் கொள்ளக் கூடாது.

எனக்கு டாக்டர் சொன்னதை நம் தொழிலில் வைத்துச் சொல்கிறேன். நாற்கர சாலை அடைபட்டால் லாரி கிராமங்கள் வழியாகச் சுற்றி வருகிறது. சரக்கு வந்து சேர்ந்துவிடும். ஆனால் டீசலும் நேரமும் கூடுதலாகச் செலவாகும். அடிபட்ட மூளையும் அப்படியே. முன்பு சுலபமாகச் செய்த கூட்டல் கழித்தலைக் கூட இப்போது அதிக முயற்சி செய்துதான் முடிக்கிறது. வேலை நடப்பதால் வெளியே யாருக்கும் தெரிவதில்லை. செலவு மட்டும் உள்ளே கூடிக் கொண்டே போகிறது.

சாதாரண அலுப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்து கொள்ளுங்கள். தீபாவளி வியாபாரம் முடிந்து வரும் அலுப்பு ஓர் இரவுத் தூக்கத்தில் போய்விடும். இந்தக் களைப்பு செய்த வேலையின் அளவுக்கு ஒத்து வராது. திடீரென்று வரும். தெளிய மணிக்கணக்கில், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். மூட்டை தூக்குவதை விட, சத்தம், கூட்டம், பளிச்சென்ற விளக்கு, ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசுவது ஆகியவை அதிகம் களைக்க வைக்கும். களைப்பு ஏறும்போது பெயர்கள் மறக்கும், கோபம் பொத்துக் கொண்டு வரும், சிலருக்குக் கண்ணீர் வரும்.

அடி பலமாக இருந்தால்தான் இது வரும் என்பதில்லை. லேசான அடி பட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடுகிறார்கள். ஆனால் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. பக்கவாதம் வந்தவர்களுக்கும், மூளைக் காய்ச்சல் கண்டவர்களுக்கும் இதே போன்ற களைப்பு வருவதுண்டு. ஸ்வீடன் நாட்டில் கோதன்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இந்த மனக்களைப்பை அளப்பதற்கென்றே ஒரு கேள்வித்தாளை உருவாக்கியிருக்கிறார்கள். மருத்துவ உலகம் அளவுகோல் செய்து அளக்கிற ஒன்றை நாம் "சாக்கு" என்று ஒதுக்கி விடக் கூடாது.

முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டியவை

களைப்பு எல்லாவற்றையும் தலை அடியின் மேல் போட்டுவிடக் கூடாது. திருத்தக்கூடிய வேறு காரணங்களும் கூடவே இருக்கலாம். இரத்தசோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை, பி12 வைட்டமின் குறைவு ஆகியவற்றை இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டதால் சில ஹார்மோன்கள் குறைந்திருக்கலாம். அது தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலமாகக் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நின்று விழிப்பவர்களுக்குத் தூக்கமே ஓய்வாக இராது. வலிப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் சில மருந்துகளும் அசதி தரும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; டாக்டர்தான் மாற்ற வேண்டும். மனச்சோர்வும் களைப்பாகத் தோன்றும். அதற்கும் நல்ல மருத்துவம் இருக்கிறது, வெட்கப்பட ஏதுமில்லை. இந்தக் களைப்பைச் சுத்தமாகத் துடைத்துவிடும் மாத்திரை என்று உறுதியாக ஒன்று கிடையாது. அப்படி விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. நாளுக்கு நாள் கூடும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவை களைப்பல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். வயதானவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், விழுந்து சில வாரங்கள் கழித்துக் கூட மெல்ல இரத்தம் சேர்ந்து இத்தகைய குறிகள் தோன்றலாம்.

களைப்புக்கும் ஒரு நாள்வழி

டாக்டர் எனக்குச் சொன்ன முதல் வேலை எழுதி வைப்பது. நமக்குப் பழக்கமான வேலைதான். இரண்டு வாரம் ஒரு நோட்டில் நேரம், செய்த வேலை, அதன் பின் களைப்பு எவ்வளவு என்று பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போட்டு வந்தேன். பதினைந்தாம் நாள் பார்த்தபோது நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது. கிட்டங்கியில் சரக்கு எண்ணி நிற்பது இரண்டு மதிப்பெண். ஒரு கையில் போன், எதிரில் வாடிக்கையாளர், பக்கத்தில் பில் என்று கல்லாவில் உட்கார்ந்த ஒரு மணி நேரம் எட்டு மதிப்பெண். மாலை மூன்று மணிக்கு மேல் எதைச் செய்தாலும் கூடுதல். பற்று எங்கே அதிகம் என்று தெரிந்தால்தானே கட்டுப்படுத்த முடியும்?

நான் கடைப்பிடித்து வருபவை

1. களைப்பு வருமுன் ஓய்வு. தலை சாய்ந்த பிறகு ஓய்வெடுப்பது, முதல் கரைந்த பிறகு சிக்கனம் பார்ப்பது போல. முக்கால் மணி வேலை செய்தால் பத்துப் பதினைந்து நிமிடம் கிட்டங்கியின் இருட்டு மூலையில் கண்ணை மூடி உட்காருவேன். அந்த நேரத்தில் போனும் பத்திரிகையும் கிடையாது. அவற்றைப் பார்ப்பதும் மூளைக்கு வேலைதான்.

2. நல்ல நாளில் அளவு மீறாமை. இதில்தான் நான் அதிகம் தவறினேன். ஒரு முறை உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு வேனில் சென்றேன். ஒலிபெருக்கி, வெயில், கூட்டம், பழைய நண்பர்கள். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் படுக்கையை விட்டு எழவில்லை. நல்ல நாளில் இரண்டு நாள் வேலையைச் செய்து, பிறகு மூன்று நாள் படுப்பதை விட, தினமும் ஒரே அளவாகச் செய்வதே லாபம்.

3. ஒரு நேரத்தில் ஒரு வேலை. விலை பேசும்போது பில் போடுவதில்லை. பில் பார்க்கும்போது போன் எடுப்பதில்லை. போனைப் பையன் எடுத்து எழுதி வைப்பான்.

4. முக்கிய முடிவு காலையில். கொள்முதல் விலை பேசுவதை ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணிக்குள் முடித்து விடுகிறேன். மூன்று மணிக்கு மேல் எந்த ஆர்டரும் வாயால் கொடுப்பதில்லை. எண்ணிக்கையைத் தாளில் எழுதி, என் மகனிடம் படித்துக் காட்டிய பிறகே தரகருக்குச் சொல்கிறோம்.

5. எல்லாவற்றையும் எழுதி வைத்தல். நினைவில் வைத்திருப்பதும் ஒரு சுமையே. வசூல், வாக்குறுதி, லாரி எண் எல்லாம் சட்டைப் பை நோட்டில் இருக்கும்.

6. சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைத்தல். தெருவைப் பார்த்திருந்த என் மேசையை உள்ளே தள்ளிப் போட்டேன். முகத்துக்கு நேரே எரிந்த விளக்கை மாற்றினேன். செலவு சில நூறு ரூபாய், பலன் பெரிது.

7. தூக்கம். இரவு படுக்கும் நேரமும் காலை எழும் நேரமும் மாறாது. பகல் தூக்கம் அரை மணிக்குள், அதுவும் மூன்று மணிக்கு முன். பிற்பகலுக்கு மேல் காப்பி, டீ இல்லை. களைப்பை டீயால் விரட்டினால் இரவுத் தூக்கம் கெட்டு மறுநாள் வட்டியோடு வரும்.

8. நடை. பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக் கொண்டு போனேன். இப்போது காலையில் அரை மணி நேரம் நடக்கிறேன். ஒரேயடியாகப் படுத்தே கிடந்தால் உடம்பும் தளர்ந்து களைப்பு இரட்டிப்பாகும்.

9. நேரத்துக்குச் சாப்பாடு. வியாபார நேரம் என்று பட்டினி கிடப்பதை விட்டேன். மதுவை அடிபட்ட மூளை தாங்காது, அறவே கூடாது.

10. நெருக்கடி நாட்களை முன்கூட்டியே பார்த்தல். மாதக் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்கு 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. நாட்கள். அவற்றுக்கு முந்தைய நாள் கல்யாணம், கூட்டம் எதற்கும் போவதில்லை. முடிந்த மறுநாள் அரை நாள்தான் கடை.

மீண்டும் கடைக்கு வருபவர்கள் முதல் நாளே காலை முதல் இரவு வரை உட்காரக் கூடாது. டாக்டரிடம் கேட்டுக் கொண்டு இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கூட்டியதும் களைப்பு மிகுந்தால் ஒரு படி இறங்கி வாருங்கள். அதில் தோல்வி ஏதும் இல்லை. களைத்த நிலையில் வண்டி ஓட்டாதீர்கள். வலிப்பு வந்தவர்கள் டாக்டர் அனுமதி இல்லாமல் சாவியைத் தொடவே கூடாது.

இப்படி நடந்ததால் எனக்கு முழுவதும் குணமாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. பழைய பன்னிரண்டு மணி நேரம் இனி வராது. ஆனால் நாளுக்கு ஐந்து மணி நேரம் தெளிவாக வேலை செய்கிறேன். அந்த ஐந்து மணி நேரத்தில் தவறு இல்லை, கத்தல் இல்லை. கணக்குப்பிள்ளையும் இன்று வரை கூட இருக்கிறார்.

வீட்டாருக்கும் முதலாளிகளுக்கும்

இப்போது நான் தவறான விடை சொன்ன கதைக்கு வருகிறேன்.

2006-ஆம் ஆண்டு எங்கள் கிட்டங்கியில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் லாரி மேலிருந்து தலை அடிபட விழுந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரி. செலவைக் கொடுத்தேன். பத்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். நல்ல உழைப்பாளி. ஆனால் அதன் பிறகு இரண்டு மணி நேரம் சுமந்தால், மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக் கொள்வார். "கூலி ஒன்று, வேலை மட்டும் எங்களுக்கா?" என்று மற்றவர்கள் முறையிட்டார்கள். நான் அவரைக் கூப்பிட்டு, "வேலை செய்ய மனமில்லாவிட்டால் சொல்லிவிடு" என்றேன். "மனசு இருக்கு முதலாளி. தலை தாங்கலை" என்றார். காயம் ஆறிய தலை எப்படித் தாங்காமல் போகும் என்று எனக்குப் புரியவில்லை. தீபாவளிக்கு முன்பே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டேன்.

என் தலை தாங்காமல் போன பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. 2021-இல் விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு மூன்று இடங்களில் வேலைக்குப் போய் அங்கும் நிலைக்கவில்லை. மனைவி இட்லிக் கடை போட்டுப் பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறார். நான் எனக்கு வந்ததையும் டாக்டர் சொன்னதையும் விளக்கினேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அது வியாதிதானா முதலாளி? நானே என்னைச் சோம்பேறின்னுதான் இத்தனை வருஷம் நினைச்சிட்டு இருந்தேன்" என்றார். அவர் மனைவி உள்ளே போய்விட்டார்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். இரத்தசோகை இருந்தது, அதற்கு மருந்து கொடுத்தார்கள். காலையில் மூன்று மணி நேரம் சரக்கு எண்ணும் வேலைக்கு வரச் சொன்னேன். ஒரு வருடம் வந்தார். பிறகு பேரப் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்கிறேன் என்று நின்று கொண்டார். போன பதினைந்து ஆண்டுக் கூலியை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது?

ஆகவே முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம்மிடம் வேலை செய்கிறவர் தலையில் அடிபட்டுத் திரும்பினால், பழைய வேலையின் அளவை வைத்து அவரை எடை போடாதீர்கள். வேலையில் நேர்ந்த காயத்துக்கு இழப்பீடு தருவது சட்டப்படியும் நமது கடமை. அதற்கு மேல், எண்ணும் வேலை, சிட்டை எழுதும் வேலை, இடைவேளை விட்டுச் செய்யும் வேலை என்று எது இயலும் என அவரையே கேளுங்கள். வீட்டாரும், "எல்லோருக்கும்தான் அசதி" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். ஆறுதலாக நினைத்துச் சொன்னாலும் அது அடிபட்டவரைத் தனியாக்கி விடுகிறது.

எல்லாவற்றிலும் மேலானது அடிபடாமல் இருப்பது. பக்கத்துத் தெருவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள தலைக்கவசத்தை வார் பூட்டி அணியுங்கள். கடைப் பையனை வசூலுக்கு அனுப்பும்போதும் தலைக்கவசத்தோடு அனுப்புங்கள். லாரி மேல் ஏறுகிறவருக்குக் கீழே நிற்க ஓர் ஆள் வையுங்கள். விபத்து நேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காக 2021 டிசம்பரில் தமிழக அரசு ஒரு திட்டம் தொடங்கியது. உங்கள் ஊர்ப் பக்கம் எந்தெந்த ஆஸ்பத்திரிகள் அதில் சேர்ந்திருக்கின்றன என்பதை இப்போதே கேட்டு எழுதி, கல்லாப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

கூட்டத்தில் கேட்ட நண்பருக்கு என் விடை இதுதான். உங்கள் தம்பி சோம்பேறி அல்ல. பதினொரு மணி வரை அவர் தாக்குப் பிடிக்கிறார் என்றால் அதுவே பெரிய உழைப்பு. பத்தரை மணிக்கே எழுப்பி, உள்ளே போய்ச் சற்று நேரம் கண்ணை மூடி வரச் சொல்லுங்கள். டாக்டரிடம் கூடவே போங்கள். ஒரு நோட்டும் வாங்கிக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் எந்த நாளும் காலை ஒன்பது மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள். மூன்று மணிக்கு மேல் மட்டும் வேண்டாம்.